மாரிச்செல்வியின் கைராசி

ஐந்தருவியில் பெண்கள் வரிசையில் முக்கால் மணி நேரம் நின்று, இன்னும் நாலு பேர் நகர்ந்தால் தலையில் தண்ணீர் விழும் என்ற இடத்துக்கு மாரிச்செல்வி வந்திருந்தபோது, தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கமிருந்து அவள் புருஷன் உமாசங்கர் கையைத் தூக்கிக் காட்டினான். கையில் அவளுடைய போன். அவன் முகம் இருந்த இருப்பைப் பார்த்ததுமே அவளுக்கு விஷயம் தெரிந்துவிட்டது.

"லேப்புலருந்து. நாலாவது தடவையா அடிக்காவ" என்றான்.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. சாரல் நன்றாகப் பிடித்திருந்தது. மேலகரத்தில் இருக்கிற வீட்டிலிருந்து அருவி என்ன, அடுத்த கண்டத்திலா இருக்கிறது? இருந்தும் அவள் குளிக்க வந்து மூன்று வருஷமாகிவிட்டது. இன்றைக்கு வந்ததும் ஒரு காரணத்தை வைத்துத்தான். வியாழக்கிழமை திருநெல்வேலியில் அவளுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன். அதற்கப்புறம் இரண்டு மாதம் அருவிப் பக்கமே போகக்கூடாது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தாள்.

போனை வாங்கிக் காதில் வைத்தாள். கவுண்டரில் இருக்கும் ரஹ்மத்துன்னிசாதான் பேசினாள். "அக்கா, கரண்ட் போய்ட்டு வந்துச்சு. பேரெல்லாம் மறுபடியும் கேள்விக்குறியா விழுது. இருபது இருபத்தஞ்சு பேரு உக்காந்திருக்காங்க. அண்ணாச்சி உங்கள வரச் சொல்லுதாங்க."

"வாரேன்" என்றாள் மாரிச்செல்வி. வேறென்ன சொல்ல. மாற்றுத் துணிப் பையைப் பிரிக்காமலே பைக்கில் வைத்துக்கொண்டு, காய்ந்த தலையோடு தென்காசிக்குத் திரும்பினாள். வழியில் இதைப் பற்றிப் பேசினால் சண்டையில் போய் முடியும் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

அவள் வேலை பார்க்கிற நாயகம் லேப் தென்காசியில் ரத்தப் பரிசோதனைக்குப் பேர்போன இடம். சுரண்டையிலும் வீரகேரளம்புதூரிலும் குற்றாலத்திலும் ரத்தம் எடுக்க ஆள் உண்டு; குழாய்கள் எல்லாம் இங்கே வந்துசேரும். ரிப்போர்ட் கொடுக்கிற வெப்சைட்டை எழுதினவள் மாரிச்செல்வி. எழுதினது, பராமரிக்கிறது, பிரிண்டரில் பேப்பர் சிக்கினால் எடுக்கிறது, எல்லாம் அவள்தான். கவுண்டரில் ரஹ்மத்துன்னிசா ஒரு பட்டனை அழுத்தினால், மாடியில் இருக்கிற சர்வர் உள்ளுக்குள்ளே வேறொரு புரோகிராமைக் கூப்பிட்டு, நோயாளியின் பெயரைத் தமிழில் போட்டு, ரிப்போர்ட்டைத் தாளாக்கித் தரும். பெயர் தமிழில்தான் வரவேண்டும் என்பது முதலாளி ஆவுடைநாயகம் அண்ணாச்சியின் பிடிவாதம். தன் பெயரைத் தானே வாசித்துப் பார்த்து வாங்கிக்கொண்டு போனால் ரிப்போர்ட் மாறாது என்பது அவர் கணக்கு. நியாயமான கணக்குதான்.

அந்தப் பெயர்தான் பிரச்சினை. கரண்ட் போய் சர்வர் அணைந்து, தானாக எழுந்திரிக்கும்போதெல்லாம், சர்க்கரை, உப்பு எண்களெல்லாம் சரியாக வரும், பெயர் மட்டும் வராது. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வரிசையாகக் கேள்விக்குறிகள்.

அவள் உள்ளே நுழைந்தபோது பெஞ்சில் முப்பிடாதியம்மாள் என்று ஒரு அம்மா, தாளைத் தூரத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இது யாருக்குள்ளதுன்னு இவியளே கேக்காவளே, நான் என்னத்தச் சொல்ல" என்று பக்கத்து ஆளிடம் அலுத்துக்கொண்டாள். மாரிச்செல்வி யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் மாடிக்குப் போனாள். சர்வருக்கு முன்னால் உட்கார்ந்து தன் பெயரில் லாகின் செய்தாள். ஓடிக்கொண்டிருந்ததை நிறுத்தி, தன் கையாலேயே ஒரு வரி கமாண்ட் அடித்துத் திரும்ப ஓடவிட்டாள். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. கீழே பிரிண்டர் கரகரத்தது. முப்பிடாதியம்மாள் என்று அழகாகத் தமிழில் வந்தது.

ஆவுடைநாயகம் படிக்கட்டின் அடியில் நின்றுகொண்டிருந்தார். அறுபது வயது. கெட்டவர் என்று யாரும் சொல்லிவிட முடியாது. "பாத்தியா, தாயி. நீ தொட்டா எந்திரிச்சிருது. கைராசின்னா இதுதான்" என்றார்.

நாலு வருஷமாக இதே பேச்சு. ஊசி குத்துவதற்குக் கைராசி பார்க்கிற ஊர் இது. இன்னார் குத்தினால் வலிக்காது, இன்னார் மருந்து கொடுத்தால் கேட்கும் என்று தேடிப் போகிற ஜனம், சர்வருக்கும் அதையே பொருத்திப் பார்த்ததில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. போன வருஷம் அவள் காய்ச்சலில் கிடந்தபோது, சுரண்டையிலிருந்து மணிகண்டபிரபு என்று ஒரு கம்ப்யூட்டர்காரனைக் கூட்டிவந்தார்கள். அவனும் தனக்கென்று கொடுத்த லாகினில் நுழைந்து, அவள் போனில் சொல்லச் சொல்ல அதே வரியை எழுத்து பிசகாமல் அடித்தான். கேள்விக்குறிதான் வந்தது. மூன்று தடவை அடித்துப் பார்த்துவிட்டு, "இது அந்த அக்கா கைக்குத்தான் மசியும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். அதோடு கைராசி ஊர்ஜிதமாகிவிட்டது. காய்ச்சலோடு ஆட்டோவில் வந்து அவளே தொட்டு எழுப்பினாள்.

அவளுக்கு இது தெரியாதா? பி.எஸ்ஸி. கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவள், இருபது வருஷமாக இதே பிழைப்பு. இயந்திரத்துக்கு ராசியும் கிடையாது, மண்ணும் கிடையாது என்று தெரியும். ஆனால் ஒவ்வொரு தடவையும் கீழே கூட்டம் நிற்கும், தொட்டவுடன் ஓடிவிடும், ஓடுகிறதை யார் நோண்டிக்கொண்டிருப்பார்கள்? நாளைக்குப் பார்க்கலாம் என்று இறங்கிவிடுவாள். அதோடு இன்னொன்றும் உண்டு, அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. கைராசிக்காரி என்று கூப்பிட்டால் அவளுக்குப் பிடித்திருந்தது. வீட்டில் சமையலில் உப்பு கூடினால் சொல்வார்களே தவிர, உன் கை பட்டால் ஒரு காரியம் நடக்கிறது என்று அவளிடம் யார் சொல்லியிருக்கிறார்கள்?

அன்றைக்குக் கூட்டம் கலைந்ததும் ஆவுடைநாயகம் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். ஏ.சி.யைக் குறைத்துவிட்டு, நாற்காலியை அவர் கையாலேயே இழுத்துப் போட்டார்.

"வியாழக்கெழமைன்னு சொன்னியே, தாயி. சீசன் முடிஞ்சு ஆவணியில வச்சுக்கிட்டா என்ன? காத்தும் மழையுமா இருக்கு. தெனம் ரெண்டு தடவ கரண்ட் போகுது. நீ ஒன்றரை மாசம் படுத்துட்டன்னா இங்க யாரு கை வைக்கது?"

"ரெண்டு தடவ தள்ளிப் போட்டாச்சு, அண்ணாச்சி."

"தெரியுது. நான் ஒண்ணும் போகாதன்னு சொல்லல. ஆளு பேரு இல்லாம ரிப்போர்ட்டு குடுத்து, ஒருத்தருக்குள்ளது இன்னொருத்தர் கையில போயிட்டுன்னா என்ன ஆகும், யோசிச்சுப் பாரு. வெளிய இருந்து தொடவும் முடியாதுன்னு நீதானே சொல்லுத."

அவர் சொன்னது பொய்யில்லை. நோயாளி விவரம் வெளியே போகக்கூடாது என்று, கட்டடத்துக்குள்ளிருந்து மட்டும் தொடும்படிதான் சர்வரை வைத்திருந்தார்கள். அவளுடைய பாஸ்வேர்டை யாரிடமும் சொல்லக்கூடாது என்பதும் அவர் போட்ட சட்டம்.

மாரிச்செல்விக்கு மாதத்தில் பதினைந்து நாள் உதிரப்போக்கு. கர்ப்பப்பையில் இருந்த கட்டி பெரிதாகிவிட்டது. ரத்த அளவு ஏழுக்கு வந்து, இரண்டு பாட்டில் ஏற்றி ஒன்பதுக்குக் கொண்டுவந்திருந்தார்கள். இனியும் தள்ளிப்போட்டால் என்னைத் தேடி வராதே என்று டாக்டரம்மா முகத்துக்கு நேரே சொல்லியிருந்தாள். இத்தனையும் அந்த நாற்காலியில் உட்கார்ந்து சொல்லியிருக்கலாம். "பாக்கேன், அண்ணாச்சி" என்று எழுந்துவிட்டாள்.

வீட்டில் இதை உமாசங்கரிடம் சொன்னாள். "நீ செத்துப்போனா அந்த சர்வர என்ன செய்வாராம்? அதையும் கேட்டுட்டு வா" என்றான். சத்தம் போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை, மெதுவாகச் சொன்னான்.

திங்கட்கிழமை முழுக்க அவளுக்கு நேரமே கிடைக்கவில்லை. செவ்வாய்க்கிழமை மத்தியானம், கவுண்டர் ஓய்ந்திருந்த சமயத்தில், அவள் ரஹ்மத்துன்னிசாவை மாடிக்குக் கூப்பிட்டாள்.

"இங்கன உக்காரு. நான் பாஸ்வேர்ட் போடுதேன். பெறவு இந்த வரிய நீ அடி."

"நானாக்கா? வேண்டாங்க்கா. எதும் ஆயிட்டுன்னா அண்ணாச்சி என்னயல்லா கேப்பாங்க."

"நான் சொல்லிக்கிடுதேன். அடி."

சர்வரை வேண்டுமென்றே அணைத்துப் போட்டாள். தானாக எழுந்தது; சோதனைக்கு ஒரு ரிப்போர்ட் எடுத்துப் பார்த்தார்கள்; கேள்விக்குறி. பிறகு ரஹ்மத்துன்னிசா ஒற்றை விரலால், பல்லைக் கடித்துக்கொண்டு, எழுத்து எழுத்தாக அந்த வரியை அடித்து முடித்தாள். ரிப்போர்ட் எடுத்தார்கள். பெயர் தமிழில் வந்தது.

ரஹ்மத்துன்னிசா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அப்ப எனக்கும் கைராசி இருக்குக்கா."

மாரிச்செல்விக்குச் சந்தோஷம்தான் வந்திருக்க வேண்டும். அதற்குப் பதிலாக நெஞ்சில் சுருக்கென்று ஒன்று தைத்தது. இந்தச் சின்னப் பெண் தொட்டும் ஓடுகிறதே என்று ஒரு பொறாமை. சீ, இதென்ன புத்தி என்று தன்னையே திட்டிக்கொண்டாள். பிறகுதான் மூளை வேலை செய்தது. மணிகண்டபிரபு அடித்தது அதே வரி, லாகின் வேறு. இவள் அடித்ததும் அதே வரி, லாகின் மாரிச்செல்வியுடையது. அப்படியென்றால் ராசி கையில் இல்லை. லாகினில் இருக்கிறது.

ஒரு தாளை எடுத்துக்கொண்டாள். தன் லாகினில் நின்று, உனக்கு என்னவெல்லாம் தெரியும் என்று சர்வரைக் கேட்டாள். முப்பத்துச் சொச்சம் வரி வந்தது. உன் வீடு இந்த ஃபோல்டர், உன் மொழி தமிழ், நீ கூப்பிட வேண்டிய புரோகிராம்கள் இன்னின்ன இடத்தில் இருக்கின்றன என்று எல்லாம் அதில் இருந்தது. பிறகு சர்வரை அணைத்துத் தானாக எழவிட்டு, அதே கேள்வியை வெப்சைட் வழியாகக் கேட்டாள். ஐந்தே வரி. வீடு காலி. மொழி காலி.

அவள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நாலு வருஷத்துக்கு முன்னால், வேலைக்குச் சேர்ந்த வாரத்தில், தமிழ் வரவேண்டும் என்பதற்காக இதையெல்லாம் எழுதி வைத்தவள் அவளேதான். ஆனால் தன் லாகினுக்குள் எழுதிவைத்தாள். அவள் உள்ளே நுழைந்து ஓடவிட்டால், அவளுக்குத் தெரிந்ததெல்லாம் அதற்கும் தெரியும். தானாக எழுந்தால் அதற்கு ஒன்றும் தெரியாது. பாவம், எந்த மொழியில் பேர் எழுதுவதென்றுகூட அதற்கு யாரும் சொல்லவில்லை. எழுதத் தெரியாத எழுத்துக்கெல்லாம் கேள்விக்குறி போட்டிருக்கிறது.

"என்னக்கா அது?" என்றாள் ரஹ்மத்துன்னிசா.

"என்விரான்மென்ட் வேரியபிள். தமிழ்ல சூழல் மாறின்னு எழுதுவாவ."

"மாரியா? உங்க பேரேவா?"

"அது றி, கழுத. போய்க் கவுண்டரப் பாரு."

சர்வர் தானாக எழும்போது முதலில் படிக்கிற கோப்பு ஒன்று உண்டு. அதைத் திறந்து மொழிக்கென்று ஒரு வரி எழுதினாள். அணைத்து, எழவிட்டு, கீழே சத்தம் கொடுத்தாள். ரிப்போர்ட் வந்தது. கேள்விக்குறி போய்விட்டது, அதற்குப் பதிலாகக் கட்டம் கட்டமாக வந்தது. மாரிச்செல்விக்கு மேசையில் தலையைச் சாய்த்துவிடலாம் போலிருந்தது. இடுப்பு கழன்று விழுகிற வலி. எழுந்து பாத்ரூம் போய்விட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து மறுபடி உட்கார்ந்தாள்.

மொழி தெரிந்துவிட்டது, எழுதுவதற்கு எழுத்து வேண்டுமே. தமிழ் ஃபான்ட்டை எங்கே வைத்தோம் என்று தேடினால், அதுவும் அவள் பெயரிலுள்ள ஃபோல்டருக்குள்தான் இருந்தது. எல்லாவற்றையும் தன் வீட்டுக்குள்ளேயே பூட்டி வைத்திருக்கிறாள், மகராசி. ஃபான்ட்டை எடுத்துப் பொது இடத்தில் போட்டாள். கோப்பில் இன்னும் மூன்று வரி சேர்த்தாள். மொத்தம் நாலு வரி. அணைத்தாள். சர்வர் எழுந்து முடிக்கிற வரை கைகளை மடியில் வைத்துக்கொண்டு, எதையும் தொடாமல் உட்கார்ந்திருந்தாள்.

கீழே பிரிண்டர் ஓடுகிற சத்தம் கேட்டது. பிறகு படியேறி ஓடிவருகிற சத்தம். ரஹ்மத்துன்னிசா தாளை நீட்டினாள். பெயர் தமிழில் இருந்தது. நம்பிக்கையில்லாமல் மாரிச்செல்வி இன்னும் மூன்று தடவை அணைத்துப் பார்த்தாள். மூன்று தடவையும் வந்தது.

ஆவுடைநாயகத்திடம் போய்ச் சொன்னாள். இனி கரண்ட் போனாலும் அதுவே எழுந்துகொள்ளும், யாரும் தொட வேண்டாம் என்றாள். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"அப்ப கைராசி?"

"அப்படியெல்லாம் ஒண்ணும் கெடையாது, அண்ணாச்சி. அதுக்குச் சொல்லிக்குடுக்க வேண்டியத என் லாகினுக்குள்ளேயே எழுதி வச்சிருந்திருக்கேன். சர்வர்ல நாலு வரி எழுதணும், எழுதல."

அவர் திட்டியிருந்தால் அவள் தாங்கியிருப்பாள். "நாலு வரிக்காகவா, தாயி, காய்ச்சலோடயும் இத்தன நாளும் ஓடியாந்த?" என்று நிஜமாகவே வருத்தப்பட்டுக் கேட்டார். வியாழக்கிழமை போய்வா என்றார். தலையை ஆட்டிவிட்டு வந்தாள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சனிக்கிழமை காலையில் அவளை வார்டுக்கு மாற்றினார்கள். பக்கத்துக் கட்டிலில் இருந்த பெண்ணைப் பார்க்கத் தென்காசியிலிருந்து வந்த மூக்கம்மாள் என்ற அம்மா, ஊரில் பேய்க்காற்று, விடியற்காலையிலிருந்து கரண்ட் போவதும் வருவதுமாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். மாரிச்செல்விக்குத் தூக்கம் போய்விட்டது. போனைத் தலையணைக்கு அடியிலிருந்து எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

பத்து மணி ஆனது. பதினொன்று ஆனது. கூட்டம் நெரிகிற நேரம் அது. போன் அடிக்கவில்லை. கேள்விக்குறி விழுந்து, தொந்தரவு பண்ண வேண்டாமே என்று அவர்கள் சும்மா இருக்கிறார்களோ என்னவோ. மூன்று தடவை அணைத்துப் பார்த்தது போதுமா? அந்தக் கோப்பைச் சரியாகத்தான் சேமித்தோமா?

"ஏங்க, என் நம்பருக்கு ஒரு கால் அடிங்க" என்றாள்.

உமாசங்கர் புரியாமல் அடித்தான். அவள் கையிலிருந்த போன் மணியடித்தது. போன் நன்றாகத்தான் இருந்தது.

மத்தியானக் கஞ்சியைப் பாதியோடு வைத்துவிட்டாள். மூன்று மணிக்கு அவளால் முடியவில்லை. தானே ரஹ்மத்துன்னிசாவைக் கூப்பிட்டாள்.

"அக்கா, எப்படி இருக்கிய? சாப்ட்டியளா? அண்ணாச்சி நாளைக்கி பாக்க வாராங்களாம்."

"அது இருக்கட்டும். கரண்ட் போச்சாமே?"

"அத ஏன் கேக்குதிய, காலைலருந்து அஞ்சு தடவ போச்சு. யு.பி.எஸ்ஸும் கைவிரிச்சுட்டு. ஆனா ஒண்ணும் ஆகலக்கா. அதுபாட்டுக்கு எந்திரிச்சுச்சு, பேரெல்லாம் முத்து முத்தா விழுது." அந்தப் பெண்ணின் குரலில் அவ்வளவு சந்தோஷம். நல்ல சேதி சொல்கிறோம் என்கிற சந்தோஷம். "நீங்க கவலையே படாதிய. காலைலருந்து இங்க ஒருத்தருக்கும் உங்க நெனப்பே வரல, பாத்துக்கிடுங்க."

"நல்லதும்மா" என்றாள் மாரிச்செல்வி. போனை அணைத்து மார்பின்மேல் வைத்துக்கொண்டாள்.

"என்ன சொல்லுதா?" என்றான் உமாசங்கர்.

"ஓடுதாம்."

"பெறவென்ன?" என்றவன், குனிந்து அவள் முகத்தைப் பார்த்தான். "ஏட்டி, ஏன் அழுத?"

"தையல் வலிக்கு."

அவன் நர்ஸைக் கூப்பிட எழுந்து போனான். அவள் தடுக்கவில்லை.